வண்டி ஓடுதா, நிக்குதா? டெலிவரி ஓட்டுநர்களின் போன் பேச்சை நிறுவனம் கட்டுப்படுத்தும் முறை

பத்து குட்டியானை, நாலு பிக்கப், பைக்கில் சுற்றும் எட்டு சேல்ஸ் ரெப். தமிழ்நாட்டில் நடுத்தர விநியோக நிறுவனம் என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். "வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது" என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். அன்றைக்கே காலை பத்தரைக்கு ஆபீஸிலிருந்து அதே ஓட்டுநருக்குப் போன் போகும்: "அண்ணே, எங்க இருக்கீங்க? கடைக்காரர் கத்துறாரு." எடுக்கவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் போகும்.

இந்த இரண்டாவது அழைப்புதான் ஆபத்து. முதல் அழைப்பை ஓட்டுநர் விட்டுவிடுவார். இரண்டாவது முறை அடிக்கும்போது "ஏதோ அவசரம் போல" என்று கை தானாகப் போனைத் தேடும். டேஷ்போர்டில் கிடக்கும் போன் அந்த நேரம் பார்த்து வளைவில் வழுக்கி, கிளட்ச் பக்கம் விழும். குனிந்து எடுக்க ஐந்து விநாடி என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஐந்து விநாடிக்குள் வண்டி 83 மீட்டர் ஓடியிருக்கும், சாலையை யாருமே பார்க்காமல். ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் போனாலும் 55 மீட்டர். ஒரு பள்ளிக்கூட வாசலைக் கடக்க அது போதும்.

ஆகவே போன் எடுப்பவரைத் திருத்தும் முன், போன் போடுபவரைத் திருத்த வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் கைவிட்டுப் போகலாம்: உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, போன் பேசியபடி ஓட்டுபவரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கும்படி 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஓட்டுநருக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

முதலாளிகள் படிக்க வேண்டியது அதே சட்டத்தின் 188-வது பிரிவு. 184-ன் கீழ் வரும் குற்றத்தைச் செய்யத் தூண்டுபவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. போதாததற்கு, வேலை நேரத்தில் ஓட்டுநரின் கவனக்குறைவால் நேரும் விபத்துக்கு வண்டி உரிமையாளரும் இழப்பீட்டுப் பொறுப்பாளி. விபத்து நடந்த நிமிடத்தில் ஆபீஸ் நம்பரிலிருந்து அழைப்பு போயிருந்தால், அழைப்புப் பதிவில் அது அப்படியே இருக்கும்.

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2021-ல் வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் நடந்த விபத்துகள் 1,997. அதில் இறந்தவர்கள் 1,040 பேர். உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடவே இருக்கும். காரணம், போன் பார்த்தபடி போய் மோதியதும் எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்றுதான் பெரும்பாலும் பதிவாகிறது.

ஹெட்செட் போட்டால் போதாதா?

போதாது. சட்டம் கையில் பிடிப்பதைத்தான் சொல்கிறது. உங்கள் நிறுவன விதி ஹெட்செட், புளூடூத், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். போன் பேசியபடி ஓட்டுபவர் விபத்தில் சிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு வாய்ப்பு அதிகம் என்றும், ஹேண்ட்ஸ்-ஃப்ரீ அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிக்கல் கையில் இல்லை, மூளையில். கண் முன்னே பார்த்துக்கொண்டேதான் இருக்கும், பார்த்தது மனதில் பதியாது.

"பக்கத்தில் கிளீனர் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறாரே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லிவிடுங்கள். கிளீனரும் சாலையைப் பார்க்கிறார். முன்னால் பஸ் பிரேக் போட்டால் பேச்சை நிறுத்துவார், "அண்ணே பாத்து" என்பார். போனில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, அவர் பாட்டுக்குப் பில் நம்பர் கேட்டுக்கொண்டிருப்பார்.

சிக்னலில் நிற்கும்போது பார்ப்பதும் இதில் அடக்கம். வாய்ஸ் கமாண்டில் இயங்கும் கருவிகளை வைத்து யூட்டா பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கருவியை விட்ட பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. பச்சை விழுந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பும் ஓட்டுநர், அடுத்த சந்திப்பு வரைகூட முழுக் கவனத்தோடு இருக்க மாட்டார். அதனால் விதியை இப்படி எழுதுங்கள்: "இன்ஜின் ஓடினால் வண்டி ஓடுகிறது." டிராஃபிக் நெரிசல், சிக்னல், ரயில்வே கேட் எல்லாம் அதற்குள் வரும்.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

விதி போடும் முன் அளந்து பாருங்கள். நிறுவனம் கொடுத்த சிம்களின் ஒரு வார அழைப்புப் பட்டியலை எடுங்கள். அதே வாரத்தின் ஜிபிஎஸ் அறிக்கையில் வண்டி எண், நேரம், வேகம் மூன்றையும் எடுங்கள். எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேசப்பட்ட ஒவ்வொரு அழைப்பின் நேரத்திலும் வேகம் 5 கி.மீ.க்கு மேல் இருந்ததா என்று குறியுங்கள். அப்படிக் குறித்தவற்றை நாலாகப் பிரியுங்கள்: ஆபீஸ், கடைக்காரர், வீடு, மற்றவை.

இதில் இரண்டு இடத்தில் கணக்கு தப்பும். ஜிபிஎஸ் கருவியின் கடிகாரமும் அழைப்புப் பட்டியலின் நேரமும் ஓரிரு நிமிடம் விலகியிருக்கலாம். கருவி பொருத்திய வண்டி நிற்கும்போது ஒரு சோதனை அழைப்பு போட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பெரிய ஓட்டை வாட்ஸ்அப். அந்த அழைப்புகள் பட்டியலில் வரவே வராது. ஆபீஸ் ஆட்களின் போன்களில் வாட்ஸ்அப் அழைப்பு வரலாற்றைத் திறந்து, ஓட்டுநர்களுக்குப் போனவற்றைக் கையால் எழுதிச் சேருங்கள்.

இந்த வாரத்துக் கணக்கை வைத்து ஒரு ஓட்டுநரைக்கூடக் கண்டிக்காதீர்கள். கண்டித்தால் அடுத்த வாரம் எல்லோரிடமும் உங்களுக்குத் தெரியாத இரண்டாவது போன் இருக்கும்.

ஆபீஸுக்கான விதி

வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்க யாரும் ஓட்டுநரை அழைக்கக் கூடாது. டிஸ்பேட்ச் மேசையில், அதாவது வண்டிகளை அனுப்பிக் கண்காணிக்கும் இடத்தில், ஜிபிஎஸ் திரை எப்போதும் திறந்திருக்க வேண்டும். கடைக்காரர் கேட்டால் பதில் சொல்வது டிஸ்பேட்ச் ஆளின் வேலை. பில்லில் அச்சாகும் நம்பர் ஓட்டுநருடையதாக இருந்தால், அதை டிஸ்பேட்ச் நம்பராக மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றமே கடைக்காரர் அழைப்புகளில் பெரும்பகுதியை இடம் மாற்றிவிடும்.

தவிர்க்க முடியாமல் அழைக்க வேண்டியிருந்தால், திரையில் வண்டி நிற்கிறது என்று தெரிந்த பிறகே அழைக்கலாம். திரை சில நிமிடம் பின்தங்கிக் காட்டும் என்பதால், எடுத்ததும் முதல் வாக்கியம் இதுதான்:

"அண்ணே, வண்டி ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது" என்றால் அந்தக் கணமே வைத்துவிட வேண்டும். "ஒரே ஒரு விஷயம்ணே" என்று தொடரக் கூடாது. எடுக்கவில்லை என்றால் மறுபடி அடிக்கக் கூடாது. முதலாளிக்கும் இதுவே விதி. அவர் ஒரு முறை மீறினால், விதி அன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

வண்டி கிளம்பும் முன், டிரிப் ஷீட்டில் இவை முழுமையாக இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்: இறக்கும் கடைகளின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் ("பிள்ளையார் கோயில் எதிர் சந்து, ஷட்டர் நீலக் கலர்" என்கிற அளவுக்கு), வசூலிக்க வேண்டிய தொகை, திருப்பி எடுக்க வேண்டிய சரக்கு, ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) நகல். நடுவழியில் வரும் அழைப்புகளில் பல இதில் விட்டுப்போன ஒரு வரிக்காகத்தான் வருகின்றன. வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் வண்டிக்குப் படம், வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதையும் நிறுத்துங்கள். வாய்ஸ் மெசேஜை ஓட்டியபடியே காதில் வைத்துக் கேட்பதுதான் வழக்கமாகியிருக்கிறது.

எங்கே நிறுத்திப் பேசுவது

"ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் வண்டியின் பின்னால் மோதுவதும் உயிரை எடுக்கும் விபத்துதான், இரவில் இன்னும் மோசம். நிறுத்தும் இடத்தையும் பெயர் சொல்லி டிரிப் ஷீட்டிலேயே எழுத வேண்டும். சென்னையிலிருந்து திருச்சிக்கு லோடோடு போகும் வண்டிக்குத் திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று மூன்று இடம் போதும். பெட்ரோல் பங்க் வளாகம், ஓட்டல் பார்க்கிங், லாரி நிறுத்துமிடம் ஆகியவை சரி. மேம்பாலம், வளைவு, சர்வீஸ் ரோடு சேரும் முனை, டோல்கேட் வரிசை ஆகியவை கூடாது.

ஒரு நிறுத்தத்துக்கு பத்து நிமிடம் என்று வைத்து, மொத்தம் அரை மணி நேரத்தைப் பயண நேரத்திலேயே கூட்டுங்கள். கூட்டாவிட்டால் ஓட்டுநர் நிற்க மாட்டார், தாமதத்துக்குத் திட்டு வாங்குவது அவர்தானே. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961), தனக்குக் கீழ் வந்த நிறுவனங்கள் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தந்தே ஆக வேண்டும் என்றது. அப்படித் தரும் ஓய்வைப் போன் பேசும் நேரமாக மாற்றிவிடாதீர்கள். ஓய்வு வேறு, இந்தப் பத்து நிமிடங்கள் வேறு.

வீட்டு அழைப்புகளுக்கும் இதே நிறுத்தங்கள்தான். வீட்டாருக்கு டிஸ்பேட்ச் நம்பரைக் கொடுத்து, அவசரம் என்றால் அங்கே சொல்லச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்தி ஓடும் வண்டிக்குள் நேராகப் போய் விழக் கூடாது. அது போகாமல் விடுபடவும் கூடாது. வண்டி நிற்கும் நேரம் பார்த்து உடனே சொல்லும் பொறுப்பை டிஸ்பேட்ச் ஏற்க வேண்டும்.

போனில் செய்ய வேண்டியது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "டிரைவிங்" என்று போட்டால் டிரைவிங் மோட் கிடைக்கும். போன் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அதில் அழைப்பையும் நோட்டிஃபிகேஷனையும் அடக்குங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் என்று போய், தானாக இயங்கும்படி வையுங்கள். "வண்டி ஓட்டுகிறேன், நிறுத்தியதும் கூப்பிடுகிறேன்" என்ற தானியங்கி பதிலையும் எழுதிவையுங்கள்.

எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. "ரிப்பீட் காலர்ஸ்" என்ற அமைப்பு திறந்திருந்தால், ஒரே நம்பரிலிருந்து சில நிமிடத்துக்குள் இரண்டாவது முறை வரும் அழைப்பு உள்ளே வந்துவிடும். முன்னால் சொன்ன அந்த இரண்டாவது அழைப்புக்குக் கதவைத் திறந்துவிடுவது இதுதான். மூடிவிடுங்கள். ஐபோன் வண்டியின் புளூடூத்தோடு இணைந்திருந்தால் டிரைவிங் ஃபோகஸிலும் அழைப்பு வழக்கம்போல் வரும். எனவே வண்டியின் ஆடியோவோடு போனை இணைக்க வேண்டாம்.

வழி பார்க்க மட்டும் போன் வைக்கலாம், விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் ஹோல்டரில் இருக்க வேண்டும், கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டிருக்க வேண்டும், குரல் வழி ஒலிக்க வேண்டும். ஹோல்டரைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டாமல், பார்வைக் கோட்டுக்குக் கீழே, ஸ்டீயரிங்குக்கும் ஏர்பேக்குக்கும் இடையூறில்லாமல் பொருத்துங்கள். வெயிலில் உறிஞ்சு கப் கழன்று விழும், திருகு வைத்த ஹோல்டர் நல்லது. வழி மாறிப்போனால் நிறுத்தித்தான் திருத்த வேண்டும்.

பைக்கில் போகிறவர்கள்

சேல்ஸ் ரெப்தான் அதிகம் கவனிக்கப்படாதவர். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிப் பேசுவது ஊர் முழுக்கப் பார்க்கும் காட்சி. அப்படிப் பேசும்போது கழுத்து சாயும், ஒரு பக்கத்துக் கண்ணாடி பார்வையிலிருந்து போய்விடும், ஹெல்மெட்டும் சரியாகப் பொருந்தாது. போன் சட்டைப் பையில் இருக்கக் கூடாது, அதிர்வே கவனத்தை இழுக்கும். பையிலோ சீட்டுக்கு அடியிலோ போகட்டும். சைடு ஸ்டாண்டு போட்ட பிறகே போன் வெளியே வர வேண்டும். மேலாளர் "டார்கெட் எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்பதை மதியம் ஒன்றரை, மாலை ஏழு என்று ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மாலை ஐந்தரைக்குக் கேட்டால், அவர் நெரிசலுக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மீறினால்

அன்றைக்கே உட்காரவைத்துப் பேசுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, யார் அழைத்தார்கள் என்பது. ஆபீஸ் அழைப்பு என்றால் மெமோ அழைத்தவருக்கு. ஓட்டுநர் தானாகப் பேசியது என்றால் முதல் முறை பேச்சு, இரண்டாவது முறை எழுத்து, மூன்றாவது முறை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி கோடவுன் வேலை. சம்பளப் பிடித்தம் வேண்டாம், அது ஒளிக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா பொருத்தினால், எதற்காக, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பொருத்துங்கள். காதைச் சொறிவதையும் தண்ணீர் குடிப்பதையும் போன் என்று அது சொல்லும். ஒவ்வொரு எச்சரிக்கையின் வீடியோவையும் ஆள் பார்த்த பிறகே பேச வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. பிறகு அன்றைய ஜிபிஎஸ் பதிவு, அழைப்புப் பட்டியல், கேமரா காட்சி, டிரிப் ஷீட் நான்கையும் அன்றைக்கே நகலெடுத்துப் பூட்டிவையுங்கள். பல கருவிகள் சில நாளில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். ஆபீஸ் போன்களில் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள், அது சாட்சியத்தை அழிப்பதாகும். விபத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில் யாரெல்லாம் அந்த ஓட்டுநரை அழைத்தார்கள் என்று எழுதி, அந்த வாரத்திலேயே டிஸ்பேட்ச் ஆட்களோடு உட்கார்ந்து பாருங்கள்.