ஜாவாவில் ஸ்ட்ரிங் ஒப்பிடும்போது லிட்டரலை முன்னால் வையுங்கள்

ஜாவாவில் ஒரு வேரியபிளை நிலையான ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடும்போது, மேற்கோள் குறிக்குள் இருப்பதை (இதுதான் லிட்டரல்) முதலில் எழுதுங்கள். அதாவது, நிலை.ஈக்வல்ஸ்("முடிந்தது") வேண்டாம், "முடிந்தது".ஈக்வல்ஸ்(நிலை) என்று எழுதுங்கள்.

ஸ்ட்ரிங் லிட்டரலும் முழுமையான ஓர் ஆப்ஜெக்ட்தான், அதன் மேலேயே மெத்தடை அழைக்கலாம். அது ஒருபோதும் ‘நல்’ (எந்த ஆப்ஜெக்டும் இல்லாத நிலை) ஆகாது. எனவே வேரியபிளில் ‘நல்’ இருந்தாலும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வராது, ‘ஃபால்ஸ்’ என்ற பதில்தான் வரும். தனியாக ‘நல்’ சோதனை எழுதும் வேலையும் மிச்சம்.

ஈக்வல்ஸுக்குப் பதில் == மட்டும் போடாதீர்கள். அது எழுத்துகளை ஒப்பிடாது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். ஒரே எழுத்துகள் கொண்ட லிட்டரல்களை ஜாவா ஸ்ட்ரிங் பூல் என்ற பொது இடத்தில் ஒரே ஆப்ஜெக்டாக வைத்திருப்பதால், லிட்டரல்களை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரிபோலவே தெரியும். ஃபைலிலிருந்து படித்ததோ பயனர் தட்டச்சு செய்ததோ வேறு ஆப்ஜெக்ட். அங்கே காலை வாரிவிடும்.

இரண்டு பக்கமும் வேரியபிள் என்றால் இந்த முறை உதவாது. ஜாவா 7 முதல் இருக்கும் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் போதும். ‘நல்’ வருவதே தவறு என்ற இடத்திலும் லிட்டரலை முன்னால் வைப்பதைத் தவிருங்கள். அந்தத் தவறு சத்தமில்லாமல் மறைந்து, வேறெங்கோ போய்த் தலைகாட்டும்.