பெருங்குடல் புற்றுநோயின் மரபணு அறிக்கையை வாசிக்கும் முறை

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருப்பது பயாப்ஸியில் உறுதியான பின், குறிப்பாக நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால், அதே திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும் அறிக்கையில் எழுத்தும் எண்ணுமாகப் பல வரிகள் இருக்கும். அச்சிட்ட வரிசையிலேயே அவற்றை வாசித்தால் குழப்பந்தான் மிஞ்சும். இந்நோயைத் தொடங்கி வைக்கும் மரபணு ஒன்று, சிகிச்சையைத் தீர்மானிக்கும் மரபணு வேறொன்று என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, இரண்டாவதிலிருந்து தொடங்குவது நல்லது.

முடிவுகளுக்குப் போகுமுன் மாதிரியைப் பற்றிய குறிப்பைப் பாருங்கள். சோதித்த திசுவில் புற்றணுக்கள் எத்தனை சதவீதம் என்று அங்கே எழுதியிருப்பார்கள். புற்றணுக்கள் 10 சதவீதமே இருந்து, அவை ஒவ்வொன்றிலும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பிறழ்ந்திருந்தால், ஆய்வுக்கூடம் படிக்கும் டிஎன்ஏவில் பிறழ்ந்த பிரதி ஏறத்தாழ 5 சதவீதந்தான் இருக்கும். டிஎன்ஏவின் எழுத்துகளை வாசிக்கும் பழைய சாங்கர் முறை 15 முதல் 20 சதவீதத்துக்குக் குறைவான பிறழ்வை நம்பகமாகக் காட்டாது. புதிய தலைமுறை வரிசைப்படுத்தலுக்கும் 5 சதவீதம் என்பது எல்லையை ஒட்டிய அளவே. ஆகவே புற்றணுக்கள் குறைந்த மாதிரியில் 'பிறழ்வு இல்லை' என்று வரும் முடிவை அப்படியே ஏற்காமல், வேறு திசு கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமானது. கதிர்வீச்சுக்குப் பின் எடுத்த மலக்குடல் திசுவில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழும்.

அடுத்து, டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களின் நிலையைத் தேடுங்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இவை பெரும்பாலும் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் சோதிக்கப்படுவதால், தனித் தாளில் இருக்கக்கூடும். உட்கருவில் சாயம் ஏறியிருந்தால் புரதம் இருக்கிறது என்று பொருள். முதல் இரண்டும் ஒரு சோடி, பின்னிரண்டும் ஒரு சோடி. எம்எல்எச்1 இல்லாத உயிரணுவில் பிஎம்எஸ்2 நிலைத்து நிற்காது என்பதால் இரண்டும் சேர்ந்தே மறையும். பிஎம்எஸ்2 மட்டும் மறைந்திருந்தால் பழுது பெரும்பாலும் அதன் மரபணுவிலேயே இருக்கும். இதே குறைபாட்டை டிஎன்ஏ வழியாக அளந்தால் 'எம்எஸ்ஐ உயர்வு' (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களின் நீளம் நிலையற்றிருப்பது) என்று எழுதுவார்கள். எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 15 சதவீதக் கட்டிகளில் இது உண்டு. பரவிய நோயில் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எண்ணிக்கை சிறிதாயினும் அறிக்கையில் இதைவிட முக்கியமான வரி இல்லை என்பேன். பிழைகள் குவிந்த புற்றணுவை நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமாக அடையாளம் காண்பதால், பரவிய நோயில் கீமோதெரபிக்கு முன்பாகவே பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தைத் தர 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூன்றாவதாக ராஸ் மரபணுக்கள். கே-ராஸ் பிறழ்வு 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் காணப்படுகிறது, என்-ராஸ் அரிது. கே-ராஸ் புரதம் வளர்ச்சிக் கட்டளையைக் கடத்திவிட்டு, தன்மீது ஒட்டிய ஜிடிபி மூலக்கூறைச் சிதைத்துத் தானே அணைந்துவிட வேண்டும். 12ஆம் இடத்தில் உள்ள கிளைசின் என்னும் அமினோ அமிலம் அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறினால், அதாவது அறிக்கை 'ஜி12டி' என்று சொன்னால், அந்தச் சிதைவு தடைபட்டுக் கட்டளை நில்லாமல் ஓடும். மேலே, உயிரணுவின் பரப்பில் கட்டளையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பியைச் செடுக்சிமாப், பனிட்டுமுமாப் ஆகிய மருந்துகளால் அடைத்தாலும், குழாய் உடைந்த இடம் கீழே இருக்கும்போது மேலே வால்வை மூடி என்ன பயன்? 12, 13 இடங்களை மட்டும் பார்த்துவிட்டு 'ராஸ் இயல்பு' என்று எழுதியிருந்தால் அது முழுமையான சோதனையாகாது. 61, 117, 146 ஆகிய இடங்களும் சோதிக்கப்பட்டனவா என்று பாருங்கள். 'ஜி12சி' என்று வந்தால் அதை நேராகத் தாக்கும் சோட்டோராசிப், அடாகிராசிப் என்னும் மருந்துகள் உள்ளன. ஆனால் அது சுமார் 3 சதவீதம் பேரிடமே காணப்படும்.

அதே கட்டளைச் சங்கிலியில் ராஸுக்கு அடுத்த கண்ணி பி-ராஃப். அந்த வரியில் தேட வேண்டியது 'வி600ஈ'. பரவிய நோயில் இது கடுமையான போக்கைக் காட்டும் அடையாளம். இதே பிறழ்வுள்ள மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் பி-ராஃப் தடுப்பு மருந்து தனியாகவே கட்டியைச் சுருக்க, குடல் புற்றுநோயில் மட்டும் அது ஏன் தோற்றது என்ற கேள்விக்கு 2012இல் விடை கிடைத்தது. பி-ராஃபை அடைத்தவுடன், குடல் புற்றணுவில் மிகுந்திருக்கும் ஈஜிஎஃப்ஆர் மீண்டும் விழித்துக்கொண்டு வேறு வழியாகக் கட்டளையை அனுப்பிவிடுகிறது. அதனால்தான் எங்கோரஃபெனிப் மருந்தைச் செடுக்சிமாபுடன் சேர்த்தே தருகிறார்கள்.

வி600ஈ இன்னொரு கேள்விக்கும் உதவும். எம்எல்எச்1 மறைந்த கட்டியில் அது இருந்தால், குறைபாடு பரம்பரையாக வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வயது முதிர்வில் அந்த மரபணுவை இயக்கும் முகப்புப் பகுதி மெத்தில் என்னும் வேதிக்குறி படிந்து அடைபட்டதே பெரும்பாலும் காரணம். முகப்பு அடைபடாமலும் வி600ஈ இல்லாமலும் இருந்தால் இக்குறைபாடு பரம்பரையாக வரும் நிலையான லிஞ்ச் சின்ட்ரோமுக்கான இரத்தப் பரிசோதனை தேவை. அது உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிறழ்வு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிறழ்வுள்ளவர்கள் இளவயதிலேயே கொலனோஸ்கோபி செய்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

ஹெர்2 என்னும் வளர்ச்சி ஏற்பியின் மரபணுப் பிரதிகள் பெருகியிருப்பது சில சதவீதத்தினரிடமே இருக்கும். பெரும்பாலும் ராஸ் இயல்பாக உள்ள கட்டிகளிலேயே அது காணப்படும்.

கடைசியாகத்தான், நோயைத் தொடங்கி வைக்கும் ஏபிசி (APC). ஏறத்தாழ 80 சதவீதக் கட்டிகளில் சிதைந்திருக்கும் இம்மரபணு, பீட்டா-கேட்டனின் என்னும் புரதத்தை அழிவுக்கு அனுப்பும் கூட்டணியின் உறுப்பினர். ஏபிசி போனால் பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் புகுந்து, குடற்சுவர் உயிரணுவைப் பிரிந்துகொண்டே இருக்கச் செய்கிறது. பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி தோன்றுவது பெரும்பாலும் அப்படித்தான். பிறகு கே-ராஸ், அதன்பின் கட்டி வளர்வதை அடக்கும் டிபி53 எனப் பழுதுகள் அடுக்கடுக்காகச் சேர்வதை ஃபியரனும் வோகல்ஸ்டைனும் 1990இல் விளக்கினார்கள். ஆயினும் ஏபிசியையோ டிபி53ஐயோ குறிவைத்து வழக்கமாகத் தரப்படும் மருந்து இதுவரை இந்நோய்க்கு இல்லை. பரம்பரைப் பழுதைக் காட்டும் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் இருந்தாலன்றி, அறிக்கையில் தடித்த எழுத்தில் ஏபிசி இருப்பதைக் கண்டு குடும்பத்தார் பதற வேண்டியதில்லை.

வாசித்து முடித்ததும், மெழுகில் பதித்த திசுக் கட்டையை ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வேறு சோதனை தேவைப்பட்டால் புதிய பயாப்ஸி இல்லாமலே அதிலிருந்து செய்ய முடியும்.