கடல்மீன் தொட்டிக்கு மீன் வாங்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கடையில் நாம் பார்க்கிற மீன் பெரும்பாலும் குஞ்சு. முதல் தவறே அதை மறப்பதில்தான் ஆரம்பிக்கிறது. சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் விரல் நீள ப்ளூ டேங் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக வளைய வரும், பார்த்ததும் கை பர்ஸுக்குத்தான் போகும், ஆனால் வளர்ந்தால் அது கிட்டத்தட்ட ஓரடி, நாள் முழுக்க நீந்திக்கொண்டே மேய்கிற ஜாதி. நம்மிடம் இருப்பதோ மூன்றடித் தொட்டி. கணக்குக்கு 180 லிட்டர், லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கிற கடல் பாறை) மணலும் போட்ட பிறகு 150 லிட்டர் தண்ணீர் நின்றாலே அதிகம். எம்பரர் ஏஞ்சல் இன்னும் மோசமாக ஏமாற்றும்: குஞ்சில் கருநீலத்தில் வெள்ளை வளையங்கள், பெரிதானால் மஞ்சள் கோடுகள், நீளம் 40 செ.மீ. வரை. "அப்புறம் பெரிய தொட்டிக்கு மாத்திக்கலாம் சார்" என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பெரிய தொட்டியை வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் சொந்தத் தவறு டேம்சல் மீன். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை தாங்குகிற கெட்டியான மீன் என்று சொல்லி மூன்று டாமினோ டேம்சலைக் கட்டிக் கொடுத்தார்கள், நானும் விலை குறைவு என்று வாங்கி வந்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தச் சின்ன மீன்களில் ஒன்று, மற்ற இரண்டையும் தீர்த்துவிட்டு முழுத் தொட்டிக்கும் பட்டா போட்டுக்கொண்டது. பிறகு விட்ட எந்த மீனுக்கும் வால் முழுதாக இருக்கவில்லை. வலையில் அகப்படவும் இல்லை. கடைசியில் பாறை அத்தனையையும் வெளியே எடுத்து, பாதி நாள் போய், வீடெல்லாம் உப்புத் தண்ணீர். பாக்டீரியா வளர உயிருள்ள மீனே தேவையில்லை, ஒரு துண்டு பச்சை இறால் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்தது தீனி. மாண்டரின் மீனைப் பார்த்து மயங்காதவர் கிடையாது, ஆனால் அது பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோபிபாட் என்கிற குட்டி உயிரிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்கிற மீன், பெரும்பாலானவை குருணைத் தீனியைத் திரும்பியும் பார்க்காது. சின்ன, புதுத் தொட்டியில் இருக்கிற கோபிபாட் சீக்கிரமே காலியாகிவிடும், பிறகு வயிறு ஒட்டி மெல்லச் சாகும். மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிற க்ளீனர் ராஸ்ஸுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். எந்த மீனாக இருந்தாலும் கடைக்காரரை உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடவில்லையா, சரி, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

க்ளவுன் மீன் வாங்கினால் கூடவே அது ஒளிந்து வாழ்கிற, பூப்போன்ற கடல் உயிரியான அனிமோனும் வேண்டும் என்பது பலருடைய நம்பிக்கை. கடலில் வேண்டும், தொட்டியில் வேண்டாம். அனிமோனுக்கு நல்ல வெளிச்சமும் பழகிய தொட்டியும் தேவை. இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து போய், தண்ணீரை ஓடவைக்கிற வேவ்மேக்கரில் சிக்கிச் சிதைந்து தண்ணீரையே கெடுத்துவிடும். க்ளவுன் குஞ்சுகள் எல்லாம் பெண்ணாக மாறாத நிலையில்தான் வரும், சின்னதாக இரண்டை விட்டால் ஓங்கி வளர்வது பெண்ணாகும், மற்றது ஆணாக நிற்கும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் அடிதடி. கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பொரித்த குஞ்சு தொட்டிக்கும் தீனிக்கும் சீக்கிரம் பழகும், அதனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

லயன் ஃபிஷ் வேண்டாம், வாயில் கொள்கிற எதையும் விழுங்கும், முள்ளிலும் விஷம். கடல்குதிரையை யாராவது ரகசியமாகக் காட்டினால் அங்கேயே நின்று பேரம் பேசாதீர்கள். இந்தியாவில் 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

மூன்றடித் தொட்டிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ், பிஸ்டல் இறாலோடு, அதன் வளையிலேயே கூடி வாழ்கிற ஒரு கோபி மீன். கூச்ச சுபாவம் உள்ளதை முதலில் விடுங்கள், க்ளவுனைக் கடைசியில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று வாரமாவது போகட்டும், அந்த இடைவெளியில் புது மீனைத் தனித் தொட்டியில் வைத்து வெள்ளைப் புள்ளி நோய் வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அதற்குப் போடுகிற காப்பர் மருந்து பெரிய தொட்டியில் விழுந்தால் இறால் பிழைக்காது. அப்புறம், தொட்டிக்கு மேலே வலை மூடி. ஃபயர்ஃபிஷ் பயந்தால் துள்ளும். என் முதல் ஃபயர்ஃபிஷ்ஷைக் காலையில் சோபாவுக்குப் பின்னால் காய்ந்த கருவாடாகத்தான் எடுத்தேன், வலை மூடி வந்தது இரண்டாவதுக்கு.