டர்ஹம் பிஷப்புகளின் நாடு: எழுதப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

“இங்கிலாந்தில் ராஜாக்கள் இரண்டு பேர். ஒருவர், கிரீடம் தரித்த மன்னர். மற்றவர், கிரீடத்துக்குப் பதில் கூம்புத் தொப்பி தரித்த டர்ஹம் பிஷப்.” வட இங்கிலாந்தின் டர்ஹம் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் கையில் அகப்படுவது இந்த வாசகம்தான். ஆளை இழுக்கும் வாசகம் என்பதால் கட்டுரை இதில் ஆரம்பித்து, தனி நாடு, தனி அரசர், தனி நாணயம், தனிப் படை என்று தன் போக்கில் ஓடிவிடும்.

இதைச் சொன்னவர் மன்னரும் இல்லை, பிஷப்பும் இல்லை. பிஷப் அந்தோனி பெக்கிடம் காரியஸ்தராக இருந்த வில்லியம் என்பவர். காலம் 1302ஐ ஒட்டியது. பெக்கின் மீது அவருடைய சொந்தக் குடிகளும் பேராலயத்து மடத்துத் துறவிகளும் மன்னர் முதலாம் எட்வர்டிடம் முறையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எஜமானுக்காக ஒரு காரியஸ்தர் வீறாப்பாகப் பேசிய பேச்சை அரசியல் சாசனம் போல எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மன்னர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 1302இல் எட்வர்ட் டர்ஹம் ஆட்சியையே பறிமுதல் செய்தார். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்தார். 1305இல் மறுபடி பறித்தார். அவர் இறந்து மகன் பட்டத்துக்கு வந்த பிறகு, 1307இல்தான் பெக்குக்கு அது மீண்டும் கிடைத்தது. நிஜமாகவே இரண்டு ராஜா இருந்திருந்தால், ஒருவர் மற்றவரின் நாட்டை இப்படி நினைத்தபோதெல்லாம் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருக்க முடியாது.

அதற்காக, பிஷப்பின் அதிகாரமே வெறும் கதை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. டர்ஹமுக்குள் மன்னரின் ரிட் ஆணை (நீதிமன்ற, நிர்வாக நடவடிக்கைக்கான எழுத்து ஆணை) செல்லாது. பிஷப்பின் பேரில்தான் ஆணை போகும். ஷெரீஃபையும் நீதிபதிகளையும் சான்சலரையும் நியமிப்பவர் பிஷப். வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் விதித்த வரி பொதுவாக அங்கே வசூலாகவில்லை. அந்தப் பாராளுமன்றத்துக்கு டர்ஹம் உறுப்பினர்களை அனுப்பவும் இல்லை. மன்னராட்சி இல்லாதிருந்த கிராம்வெல் காலத்தை விட்டுவிட்டால், 1675 வரை உறுப்பினர் யாரும் போகவில்லை. மன்னர் செய்யும் வேலைகளை அந்த நிலத்தில் மன்னருக்குப் பதிலாக பிஷப் செய்தார். மன்னரின் கண் எப்போதும் அந்த அதிகாரத்தின் மேலேயே இருந்தது.

வரைபடத்தில் வரும் குழப்பம்

“ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த டர்ஹம்” என்று எழுதாதவர்கள் குறைவு. வரைபடத்தைப் பார்த்தால் டர்ஹமின் பிரதான நிலம் டைன் நதிக்கும் டீஸ் நதிக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்காட்லாந்து எல்லையான ட்வீட் நதிக்கும் அதற்கும் இடையே முழு நார்தம்பர்லாந்தும் கிடக்கிறது. அப்படியானால் எல்லைப்புற நாடு என்பது பொய்யா?

பொய் இல்லை. பிஷப்பின் நிலம் ஒரே துண்டாக இல்லை, அவ்வளவுதான். டர்ஹம் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, ட்வீட் கரையில் நோரம் வட்டாரமும், லிண்டிஸ்ஃபார்ன் தீவை ஒட்டிய ஐலண்ட்ஷயரும், இன்னும் தெற்கே பெட்லிங்டன் வட்டாரமும் பிஷப்புக்குச் சொந்தம். நார்தம்பர்லாந்துக்குள் தீவு போலக் கிடந்த இந்தத் துண்டுகள் 1844 வரை டர்ஹம் கவுண்டி (மாவட்டம்) கணக்கில்தான் இருந்தன. எல்லை அனுபவம் முழுக்க நோரமில் இருக்கிறது. அங்கே ட்வீட்டின் தென்கரையில் 1121இல் கோட்டை கட்டியவர் பிஷப் ரானுல்ஃப் ஃப்ளாம்பர்ட். ஆற்றின் அக்கரை ஸ்காட்லாந்து. 1291இல் ஸ்காட்டிஷ் சிம்மாசனத்துக்கு உரிமை கோரியவர்களை முதலாம் எட்வர்ட் வரவழைத்துப் பேசியது இந்த நோரமில்தான். 1513இல் ஸ்காட்டிஷ் மன்னர் நான்காம் ஜேம்ஸ் ஃப்ளாடன் போருக்குப் போகிற வழியில் இடித்துப் பிடித்ததும் இதே கோட்டையைத்தான். டர்ஹமின் எல்லை வரலாற்றை எழுதுகிறவர் நோரமை விட்டுவிட்டால் விஷயத்தையே விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

பிஷப்பின் மறைமாவட்டம் வேறு, அவர் ஆண்ட நிலம் வேறு என்பதும் பலருக்குப் பிடிபடுவதில்லை. நார்தம்பர்லாந்து தேவாலயங்கள் அநேகமாக எல்லாமே டர்ஹம் பிஷப்பின் கீழ்தான் இருந்தன. அதனால் அந்த மண்ணும் அவர் ஆட்சியில் இருந்ததாக ஆகாது. அங்கே ஆட்சி மன்னரின் ஷெரீஃபுடையது. டைனுக்கும் டீஸுக்கும் இடைப்பட்ட பகுதிகூட ஆதியிலிருந்து முழுக்க பிஷப்புடையதாக இருக்கவில்லை. டார்லிங்டன் பக்கத்துச் சாட்பெர்ஜ் பகுதியை பிஷப் ஹ்யூ டி பூசே 1189இல்தான் பணம் கொடுத்து வாங்கினார். விற்றவர், சிலுவைப் போருக்குக் காசு தேடிக்கொண்டிருந்த முதலாம் ரிச்சர்ட். அதே சூட்டில் நார்தம்பர்லாந்தின் ஏர்ல் (மன்னருக்குக் கீழ் அந்த வட்டாரத்துப் பிரபு) பட்டத்தையும் பூசே வாங்கினார். கிழட்டு பிஷப்பை இளம் ஏர்ல் ஆக்கிவிட்டேன் என்று ரிச்சர்ட் கேலி செய்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பட்டம் 1194இல் கைவிட்டுப் போயிற்று, சாட்பெர்ஜ் தங்கிவிட்டது.

இன்றைய கவுண்டி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவது அதைவிட மோசம். கேட்ஸ்ஹெட்டும் சண்டர்லாந்தும் பழைய டர்ஹமின் பகுதிகள். 1974இல்தான் அவை டைன் அண்ட் வியர் என்ற புதிய கவுண்டிக்குப் போயின.

யார் தொடங்கி வைத்தது?

நார்மன் படையெடுப்புக்குப் பின் முதலாம் வில்லியம், ஸ்காட்லாந்துக்காரர்களைத் தடுக்க ஒரு பிஷப்பை அரணாக நிறுத்தி இந்த நாட்டை உருவாக்கினார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலம் வில்லியமுக்கு முந்தையது. 687இல் இறந்த புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு, வைக்கிங்குகளுக்குப் பயந்து 875இல் லிண்டிஸ்ஃபார்னை விட்டுக் கிளம்பிய கூட்டம், பிறகு செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கி, 995இல் டர்ஹம் குன்றுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலம் முழுக்க மன்னர்களும் பிரபுக்களும் நிலத்தைப் புனிதர் பேரில் எழுதி வைத்தார்கள். சொத்து பிஷப்புடையது இல்லை, கத்பர்ட்டுடையது என்பதே எண்ணம். வட்டாரத்து மக்களுக்கே “புனிதரின் மக்கள்” என்று பெயர். இது வெறும் பக்திப் பேச்சு இல்லை. பெக் காலத்தில் அவர்கள் இதையே வழக்காக முன்வைத்தார்கள்: “நாங்கள் நிலம் வைத்திருப்பது கத்பர்ட்டின் உடலைக் காக்க. டைனையும் டீஸையும் தாண்டி, மன்னர் அழைத்தாலும் பிஷப் அழைத்தாலும் போருக்கு வர மாட்டோம்.”

வில்லியம் திட்டமிட்டு அமைத்த ஏற்பாடு என்பதற்குச் சான்றாக பிஷப் வால்ச்சரைக் காட்டுவார்கள். லொரேன் பகுதியிலிருந்து வந்த இவர், ஏர்ல் வால்தியோஃப் வீழ்ந்த பின் ஏர்ல் பொறுப்பையும் ஏற்றது உண்மை. நடந்தது என்ன? அவருடைய ஆட்கள் லிகுல்ஃப் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதரைக் கொன்றார்கள்; வால்ச்சர் அவர்களைத் தண்டிக்கவில்லை. 1080 மே மாதம் சமாதானம் பேசக் கேட்ஸ்ஹெட்டுக்கு வந்தவரை, தேவாலயத்துக்குத் தீ வைத்து வெளியே வரச் செய்து வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்து வந்த பிஷப்புக்கு ஏர்ல் பொறுப்பு கிடைக்கவில்லை. திட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அன்றோடு சரி. பிஷப்பின் உரிமைகள் அதன் பிறகு வழக்காலும் விலைக்கு வாங்கியும் மன்னரின் தயவாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை.

ஆரம்பகாலத்துக்கு நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் டர்ஹம் துறவிகள் எழுதியதைத்தான். அவர்கள் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. 1083இல் பிஷப் வில்லியம் பழைய குருக்களை வெளியேற்றித் துறவிகளைக் குடியேற்றினார். பின்னால் பிஷப்புகளோடு தகராறு வந்தபோது, தங்கள் உரிமைக்கு ஆதாரமாகத் துறவிகள் அந்த வில்லியம் பேரிலேயே போலிச் சாசனங்களைத் தயாரித்தார்கள். சுற்றுலாக் கையேடுகள் விடாமல் சொல்லும் பழுப்புப் பசு கதை (தொலைந்த பசுவைத் தேடிப்போன பெண் வழிகாட்டி, டர்ஹம் கிடைத்தது என்பது) 12ஆம் நூற்றாண்டுத் துறவி சிமியோன் எழுதிய வரலாற்றில் இல்லை. அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட நூலில்தான் வருகிறது. கதையைச் சொல்லலாம், 995இல் நடந்ததாகச் சொல்லக் கூடாது.

பிஷப், மடம், மன்னர்

பிஷப்பையும் பேராலயத்தையும் ஒன்றாகவே நினைத்து எழுதுவது அடுத்த சறுக்கல். பேராலயம் துறவி மடத்தின் வசம். மடத்துக்குத் தனித் தலைவர், தனி நிலம், தனிக் கணக்கு. 1300இல் பெக் மடத்தைச் சோதனையிட வந்தபோது, தலைவர் ரிச்சர்ட் டி ஹோட்டன் அவரைப் பரிவாரத்தோடு உள்ளே விட மறுத்தார். பெக்கின் ஆட்கள் மடத்தையே முற்றுகையிட்டார்கள். ஹோட்டன் ரோமாபுரி வரை போய் முறையிட்டார். மன்னர் தலையிட இந்தச் சண்டைதான் வாசல் திறந்துவிட்டது.

பிஷப் பதவிக்கு வாரிசு கிடையாது என்பதை மறக்கிறவர்கள் “டர்ஹம் அரச வம்சம்” என்றுகூட எழுதிவிடுகிறார்கள். பிஷப் இறந்தால் ஆட்சியும் வருமானமும் மன்னர் கைக்கு வரும். நிரப்ப மன்னர்கள் அவசரப்படுவதில்லை. 1208இல் காலியான பதவி 1217 வரை அப்படியே கிடந்தது. விதிப்படி தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் துறவிகள். 1333இல் அவர்கள் தங்களுக்குள்ளிருந்து ராபர்ட் கிரேஸ்டேன்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். யார்க் பேராயர் அபிஷேகமும் செய்து வைத்தார். பயன் இல்லை. மூன்றாம் எட்வர்டின் ஆளான ரிச்சர்ட் டி பரிக்குப் போப்பிடமிருந்து நியமனம் வந்தது. கிரேஸ்டேன்ஸ் மடத்துக்குத் திரும்பினார்.

இன்னும் பின்னோக்கிப் போனால் 1088. கலகத்தில் சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பிஷப் வில்லியம், “நான் பிஷப். திருச்சபைச் சட்டப்படிதான் என்னை விசாரிக்கலாம்” என்று வாதாடினார். பேராயர் லான்ஃப்ராங்க் விடவில்லை. உன்னை விசாரிப்பது பிஷப் என்பதற்காக இல்லை, மன்னரிடம் நீ பெற்ற நிலத்துக்காக என்றார். வில்லியம் நாட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் நார்மண்டியில் இருந்தார்.

ஆளைப் பற்றிய கதைகளில் கவனம் தேவை. 1317இல் பதவியேற்க வரும் வழியில் கொள்ளைக்காரர்களால் கடத்தப்பட்ட லூயி டி போமான்ட் லத்தீன் தெரியாதவர், அபிஷேகத்தின்போது ஒரு நீளமான வார்த்தையில் திக்கித் திணறி, கடைசியில் “சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார் என்பது ருசியான கதை. இது கிரேஸ்டேன்ஸ் பேரில் வழங்கும் மடத்து வரலாற்றில் இருக்கிறது. மன்னர் வீட்டுச் செல்வாக்கால் மேலிருந்து திணிக்கப்படும் பிஷப்புகள் மீது அந்த மடத்துக்கு இருந்த கசப்பை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கவசம் போட்ட பிஷப்

பிஷப் தாமஸ் ஹாட்ஃபீல்டின் முத்திரையில் அவர் கவசத்தோடு குதிரை மேல் இருக்கிறார். 1346 அக்டோபரில் டர்ஹம் நகரத்துக்கு வெளியே நெவில்ஸ் கிராஸில் ஸ்காட்டிஷ் மன்னர் இரண்டாம் டேவிட் பிடிபட்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஹாட்ஃபீல்ட் படை நடத்தி டேவிட்டைப் பிடித்தார் என்று எழுதுகிறார்கள். ஹாட்ஃபீல்ட் அப்போது மன்னரோடு பிரான்சில் இருந்தார். நெவில்ஸ் கிராஸில் நின்றவர்கள் யார்க் பேராயர் வில்லியம் ஸூஷும், பெர்சி, நெவில் பிரபுக்களும்.

பெக் விஷயத்தில் போர்க்களம் உண்மை. 1298இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் போரில் ஒரு பிரிவை அவர் நடத்தினார். கொஞ்சம் பொறுத்துத் தாக்கலாம் என்றதற்கு, “போர் எப்படிச் செய்வதென்று நீர் எங்களுக்குச் சொல்ல வேண்டாம், பிஷப். வேண்டுமானால் போய்ப் பூசை வையும்” என்று ஒரு வீரர் வெடுக்கென்று சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. 1311க்குப் பிறகு ஸ்காட்டிஷ் மன்னர் ராபர்ட் புரூஸின் ஆட்கள் வந்து கொளுத்தியபோது டர்ஹமைக் காத்தது வாள் இல்லை, பணம். வட்டாரத்தார் கூடி வசூலித்துக் கொடுத்துத் தவணை தவணையாகச் சமாதானம் வாங்கினார்கள்.

சான்று இல்லாததும் சான்றாவதும்

1086இல் இங்கிலாந்தின் நிலங்களைப் பதிவு செய்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் டர்ஹம் இல்லை. ஆகவே அது தனி நாடு என்று ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. நார்தம்பர்லாந்தும் அதில் இல்லை. லண்டனும் இல்லை. நாணயத்தைக் காட்டுவதும் இப்படித்தான். டர்ஹமில் நாணயச்சாலை இருந்தது, லாபம் பிஷப்புக்கு. பென்னியில் இருப்பது மன்னரின் தலை, மன்னரின் பெயர். பிஷப்புக்கு ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம், பெக்குக்கு ஒரு சிலுவை போல.

டூம்ஸ்டே இல்லாத குறைக்கு பிஷப்பின் நிலங்களில் யார் என்ன கொடுக்க வேண்டும் என்று 1183இல் பூசே எடுக்க வைத்த போல்டன் கணக்கு இருக்கிறது. பிஷப்புகளின் சண்டையை மட்டும் எழுதுகிறவர்கள் இதைப் புரட்டுவதே இல்லை. போல்டன் ஊரில் 22 குடியானவர்கள். ஒவ்வொருவருக்கும் 30 ஏக்கர். ஒவ்வொருவரும் பணமாக 2 ஷில்லிங் 6 பென்ஸும் தனியாக 16 பென்ஸும், அதோடு ஓட்ஸ், 5 வண்டி விறகு, 2 கோழி, 10 முட்டை கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்க வாரம் 3 நாள் பிஷப் நிலத்தில் வேலை. ஈஸ்டர் வாரமும் பெந்தெகோஸ்தே வாரமும் கிறிஸ்துமஸ் சமயத்தில் 13 நாளும் மட்டும் விடுப்பு. அரசர் யார் என்ற வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் அந்தக் கோழியும் முட்டையும் போயாக வேண்டும்.

எப்போது முடிந்தது

எட்டாம் ஹென்றியோடு முடித்துவிடுகிறவர்கள் 300 வருஷம் முன்னதாகவே கடையைக் கட்டுகிறார்கள். 1536 சட்டத்துக்குப் பிறகு ரிட் ஆணை மன்னர் பேரில் போகத் தொடங்கியது. முதுகெலும்பு முறிந்தது அப்போதுதான். ஆனால் அமைப்பு சாகவில்லை. 1553இல் பிஷப் பதவியையே ஒழித்தார்கள், ராணி மேரி அடுத்த வருஷம் மீட்டார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் மறுபடி ஒழித்தார்கள், 1660இல் மறுபடி வந்தது. கடைசியாக, வில்லியம் வான் மில்டர்ட் 1836இல் இறந்ததும், டர்ஹமின் ஆட்சி உரிமையைச் சட்டம் போட்டு முடியாட்சியோடு சேர்த்தார்கள். அப்போதும் டர்ஹமின் சான்சரி நீதிமன்றத்தை மூட மறந்தார்களோ, மனம் வரவில்லையோ, அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 1971இன் நீதிமன்றச் சட்டம் வந்துதான் அதற்குப் பூட்டுப் போட்டது.