ஐடிலில் நிற்காத பழைய மாருதி: ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

சிக்னலில் நின்றால் பழைய மாருதி 800 குலுங்குகிறது. ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது. ஏசி போட்டதும் ஆஃப் ஆகிவிடுகிறது. இதற்குப் பல இடங்களில் முதல் வைத்தியம் ஸ்க்ரூ டிரைவர்தான். ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பி ரேஸைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்கள். அன்றைக்கு வண்டி ஓடும், பழுது அப்படியே உள்ளே இருக்கும். பத்து நாளில் திரும்பி வரும்போது ஸ்க்ரூவும் இடம் மாறியிருப்பதால், எது முதல் பழுது, எது கைவைத்ததால் வந்தது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும்.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். எஞ்சினுக்குக் கிடைப்பது மிகக் குறைந்த காற்று. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாயில் வேக்குவமோ (உறிஞ்சும் வெற்றிடம்) மிக அதிகம். அந்த நிலையில் ஒரு ஹோஸில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் காற்று–பெட்ரோல் கணக்கு கெட்டுவிடும். அதே ஓட்டை 60 கிலோமீட்டர் வேகத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் "ஓடும்போது நல்லா இருக்கு, நிறுத்தினா மட்டும் பிரச்சினை" என்று சொல்கிறார்கள். 800 மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது. நான்கு சிலிண்டர் வண்டியைவிட ஆட்டம் கூடுதலாகத் தெரிவது அதனால்தான்.

எல்லாக் குலுக்கலையும் ஒன்றாக எண்ணிவிடுவது பெரிய தவறு. பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேளுங்கள். எஞ்சின் சத்தம் சீராக இருந்து பாடியும் ஸ்டீயரிங்கும் மட்டும் நடுங்கினால், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்துவிட்டது. ட்யூனிங் செய்து பயனில்லை. ஆர்பிஎம் ஊஞ்சல்போல ஏறி இறங்கினால் எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது. தாளம் தவறாமல் ஒரு அடி விட்டுவிட்டு அடித்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் கோளாறு. சைலன்சர் வாயருகே ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். சீராக வெளியே தள்ளினால் சரி. அவ்வப்போது உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளிக்காற்று புகுவதுதான் பழைய வண்டிகளில் நாங்கள் முதலில் தேடுவது. நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் ஹோஸ் கருவாடாய்க் காய்ந்து, கிளாம்புக்குப் பக்கத்தில் வெடித்துவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வளைத்துப் பார்க்க வேண்டும். பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு விடும் பிசிவி வால்வின் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் குழாய், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரின் அடியில் உள்ள கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று வரிசையாகப் பாருங்கள். பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிக் குறடால் ஒரு கணம் நெரித்தால் போதும். ஐடில் உடனே சீரானால் பழுது பூஸ்டர் பக்கம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஐடில் மாறினால் பூஸ்டரின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது ஐடிலைப் பற்றிய கவலை அல்ல, பிரேக்கைப் பற்றியது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கார்பரேட்டர் கிளீனரை எல்லா இடத்திலும் பீய்ச்சி அடிப்பது வழக்கமாகிவிட்டது. அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். கசியும் பிளக் ஒயரும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. சோப்புத் தண்ணீர் போதும். சந்தேகமான இணைப்பில் தெளித்தால் தண்ணீர் உறிஞ்சப்படும் சத்தமும் ஐடிலில் ஒரு மாற்றமும் தெரியும். மின் இணைப்புகள்மேல் மட்டும் படக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள், புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

கார்பரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கால 800, ஆல்டோ போன்றவற்றில் காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். திருட்டுத்தனமாக நுழையும் காற்றையும் சென்சார் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும். அதனால் இங்கே ஓட்டை விழுந்தால் எஞ்சின் திணறுவதைவிட, ஐடில் ஏறி நிற்பதே அதிகம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு, ஐடில் காற்றை விடும் வால்வை மூடி மூடிப் பார்த்து, அதற்குமேல் மூட முடியாதபோது பெட்ரோலை வெட்டும், ஆர்பிஎம் விழும், மறுபடி கொடுக்கும். அந்த ஊஞ்சலைப் பார்த்துவிட்டு ஈசியு போய்விட்டது என்று விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஹோஸ்களைப் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதும் ஆபத்தான பழக்கம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் ஸ்பார்க் போக வழியில்லாமல் காயிலும் மாட்யூலும் அடிபடும், கையிலும் ஷாக் அடிக்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். எம்பிஎஃப்ஐ-யில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஆர்பிஎம் விழவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் பழுது. பிறகு அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங், அதாவது சரியாக எரியாமல் விடுவது, கூடவே போனால் பிளக். போகாவிட்டால் ஒயர், இன்ஜெக்டர், வால்வு என்று தேட வேண்டும்.

பிளக்கை மாற்றும் அவசரத்தில் பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது பேசும் சாட்சி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், ஈரமான கரி என்றால் ஆயில் மேலேறுகிறது, வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்று கூடுதல். நல்ல நிறம் இளம் பழுப்பு. கார்பரேட்டர் வண்டிகளுக்குப் பிளக் முனையின் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், எம்பிஎஃப்ஐ-க்கு 1.0 முதல் 1.1 வரை. கடையிலிருந்து வந்தபடியே மாட்டாமல் ஃபீலர் கேஜில் அளந்து மாட்டுங்கள்.

கார்பரேட்டர் 800-இல் இருப்பது சென்னையை அடுத்த மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் செய்த வகை. அதைக் கழற்றும்முன் ஒரு சோதனை: எஞ்சினை ஓட்டாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஐடில் கட்-ஆஃப் சொலினாய்டின் (ஐடில் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஐடில் பாதைக்குப் பெட்ரோலே போகாது. கார்பரேட்டரை எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் நிற்காது. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டைக் குண்டூசியாலோ கம்பியாலோ குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அந்த ஜெட் போனதுதான். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து எடுங்கள்.

ஐடிலின் காற்று–பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இறுக்கி முடுக்குவதும் அதே வகைத் தவறு. ஊசி முனையில் வளையம் விழுந்துவிட்டால் பிறகு சரியான இடமே கிடைக்காது. விரலுக்குத் தட்டுப்படும் வரை மெல்ல மூடி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். அது தொடக்கப் புள்ளி. ஓடும்போது ஸ்க்ரூவை முழுக்க மூடினால் எஞ்சின் நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை என்றால், யாரோ ஐடில் ஸ்க்ரூவில் த்ராட்டில் தட்டை அளவுக்குமேல் திறந்து வைத்திருக்கிறார்கள், பெட்ரோல் வேறு துளை வழியே வருகிறது. ரேஸைக் கூட்டிக் கூட்டி மறைத்த பழுது இங்கேதான் பிடிபடும்.

எம்பிஎஃப்ஐ-யில் த்ராட்டில் பாடியில் படியும் கருப்புப் பசையைத் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் பெயிண்ட் வைத்து முத்திரையிட்ட த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது ஆர்பிஎம் வைப்பதற்கான ஸ்க்ரூ அல்ல. ஐடில் வால்வின் ஊசியைக் கையால் அமுக்கினால் உள்ளே பல் உடையும். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மோட்டாருக்குள் அடிக்காதீர்கள். துடைத்தபின் ஐடில் சற்று ஏறி நின்றால் பதற வேண்டாம். எஞ்சின் சூடாகும் வரை லைட், ஏசி எதையும் போடாமல் ஓடவிட்டு, பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம் விட்டால் பெரும்பாலும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு சிலிண்டர் மட்டும் அடம்பிடித்தால் வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள், குறிப்பாக எல்பிஜியில் ஓடிய வண்டியில். எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டுக்குள் மெல்லப் புதைந்து இடைவெளி குறையும். இடைவெளி இருந்தால் எழும் டேப்பெட் சத்தம் வராததால் எல்லாம் நலம் என்று நினைப்போம். உண்மையில் சத்தமில்லாத டேப்பெட்தான் வால்வை எரிக்கிறது. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்குமேல் குறைவாகக் காட்டினால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கடைசியில்தான் ஐடில் ஸ்க்ரூ, அதுவும் கார்பரேட்டர் வண்டிக்கு மட்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டி, லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் ஓடாத நேரத்தில் 900 ஆர்பிஎம் அளவில் வையுங்கள். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, ஏறியதை ஐடில் ஸ்க்ரூவால் இறக்குங்கள். மேலும் ஏறாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஏசியைப் போடுங்கள். ஐடில்-அப் டயஃப்ரம் கம்பியை இழுத்து ஆர்பிஎம்மைத் தாங்க வேண்டும். தாங்காமல் விழுந்தால் அந்த டயஃப்ரத்தையும் அதன் ஹோஸையும் பாருங்கள். மறுபடி ஸ்க்ரூவிடம் போகாதீர்கள்.