ரோமானிய வெண்கலத் தேவி சிலையைச் சிங்கப்பூர் ஈரத்தில் பாதுகாப்பது எப்படி?

ரோமானியர் வீட்டு மாடங்களில் வைத்து வணங்கிய ஃபோர்ச்சூனா, மினெர்வா, வீனஸ் ஆகிய தேவியர் சிலைகளில் பல ஒரு சாண் உயரம்கூட இருக்காது. செம்பும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தை, மெழுகு உருவை வைத்துச் செய்த அச்சில் ஊற்றி வார்த்தவை. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் குளோரைடு உப்பு உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். காற்று ஈரமானால் அந்த உப்பு அமிலமாகி உலோகத்தை அரிக்கும், அரித்ததிலிருந்து மறுபடி அமிலம் பிறக்கும். இதுதான் வெண்கல நோய். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் அலமாரியில் சும்மா வைத்தாலே அது கிளம்பிவிடும்.

முதலில் சிலைமேல் படிந்திருக்கும் களிம்பைப் பாருங்கள். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் தொடாதீர்கள், சிலையின் அசல் மேற்பரப்பு அதில்தான் இருக்கிறது. வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்து, அடியில் விரித்த வெள்ளைத் தாளில் உதிர்ந்தால் அதுதான் நோய்.

குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. அமிலம் களிம்பைக் கரைத்து, கண்ணில் பதித்த வெள்ளி போன்ற நுணுக்கங்களையும் கெடுத்துவிடும். குழாய்த் தண்ணீர், எண்ணெய், விபூதி, குங்குமம் எதுவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். நைட்ரைல் கையுறை அணிந்து, இரு கையாலும் உடற்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். ஃபோர்ச்சூனாவின் கையிலுள்ள சுக்கான், கொம்பு போன்ற நீட்டங்கள்தான் முதலில் முறியும்.

ஈரப்பதம் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 35 இன்னும் நல்லது. ஏர்கானை நம்பாதீர்கள்: இரவில் ஓடிப் பகலில் நின்றால் ஈரம் ஏறி இறங்கும். கேமரா வைக்கும் மின் உலர்பெட்டியை 35-இல் வைப்பதே எளிய வழி. இல்லையென்றால், இறுக மூடும் 5 லிட்டர் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 200 கிராமும் ஒரு சிறு ஈரமானியும் போடுங்கள். சிலைக்கு அடியில் பாலிஎத்திலீன் நுரை வையுங்கள். மரமும் கம்பளியும் ரப்பரும் வெளிவிடும் ஆவி வெண்கலத்துக்கு ஆகாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி அலமாரிக்கு வைக்கிறோமே, அடியில் தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சிப் பெட்டி, அதைச் சிலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதிலிருப்பது கால்சியம் குளோரைடு. கொட்டினால், எந்த உப்புக்குப் பயப்படுகிறோமோ அதையே ஊற்றியதாகும்.

ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானால் சூட்டடுப்பில் 110 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சி, மூடிய கண்ணாடிப் புட்டியில் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் நஞ்சு இருப்பதால் வாங்க வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

பொடி தெரிந்தால் சுரண்டாமல், அந்த டப்பாவிலேயே வைத்து மூடி, உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் மருந்தில் ஊறவைப்பதும் அதன் மேல் பூச்சும் அவர் செய்ய வேண்டிய வேலை, அந்த மருந்து உடலுக்குக் கேடு. எடுத்த படங்களையும் ஈரமானி அளவுகளையும் கூடவே கொண்டுபோங்கள்.