புதிதாக விடுதலை பெற்ற நாடு எங்கே தவறுகிறது? இலங்கை 1948–1965

1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை கிடைத்தபோது இலங்கையின் ஏற்றுமதி என்றால் தேயிலை, ரப்பர், தேங்காய்தான். உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து கப்பலில் வந்தது. இப்படிப்பட்ட நாட்டில் நிதியமைச்சர் செய்யும் தவறு வெளியுறவைத் தாக்கும். வெளியுறவில் செய்யும் தவறு அடுப்படியைத் தாக்கும்.

முதல் தவறு, தற்காலிக விலையேற்றத்தை நிலையான வருமானமாக எண்ணிச் செலவைக் கூட்டுவது. கொரியப் போரால் ரப்பர் விலை எகிறியது, ஏற்றுமதி வரியும் குவிந்தது. 1952இல் ரப்பர் விலை சரிந்தது. அதே நேரத்தில் அரிசி விலை ஏறியது. வரி தானாகக் குறைந்துவிடும், அரிசிக்கு அரசு தரும் மானியம் அப்படிக் குறையாது. ஆகவே பல ஆண்டுகளின் சராசரி விலையை வைத்தே பட்ஜெட் போட வேண்டும். அதற்கு மேல் வரும் வரியைத் தனி நிதியில் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, மானியத்தை ஒரே வெட்டில் அறுப்பது. 1952 தேர்தலில் பழைய விலை தொடரும் என்று வாக்குக் கேட்ட அரசு, 1953இல் பங்கீட்டு அரிசியைக் கொத்து என்ற அளவைக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவை நிறுத்தியது, ரயில் கட்டணத்தையும் ஏற்றியது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் (கடையடைப்பு, வேலைநிறுத்தம்) நாடு ஸ்தம்பித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஏழைகளுக்கு ஓரளவு அரிசியைப் பழைய விலையிலேயே விட்டு, மீதியைத் தவணையாக ஏற்றியிருக்கலாம். எல்லாச் சுமையையும் ஒரே பருவத்தில் ஏற்றியதுதான் பெரும்பிழை.

வல்லரசின் முகம் பார்த்துச் சந்தையைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. இதில் இலங்கை சரியாக நடந்தது, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். அரிசிக்கும் ரப்பருக்கும் ஏற்ற விலையை வாஷிங்டனில் கேட்டும் கிடைக்கவில்லை. கம்யூனிச எதிர்ப்பு அரசாக இருந்தும் 1952 டிசம்பரில் சீனாவுடன் ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வாங்கி, 50,000 டன் ரப்பர் தருவது, ஐந்தாண்டுக்கு. சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு ரப்பர் போனது. அதற்காக அமெரிக்க உதவியை இழக்க நேர்ந்தது. பண்டமாற்றில் கவனிக்க வேண்டியதும் இதுதான்: அளவை நீண்டகாலத்துக்கு உறுதி செய்ய வேண்டும், விலையை இடையிடையே திருத்த வழி இருக்க வேண்டும், இழக்கப்போவதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இழப்பீட்டைப் பேசி முடிக்காமல் அந்நியச் சொத்தைக் கையகப்படுத்தியது இன்னொரு சறுக்கல். 1962இல் ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளில் ஒரு பகுதி அரசின் கைக்கு வந்தது. 1963 பிப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965இல்தான் இழப்பீட்டுத் தகராறு தீர்ந்தது. எந்தத் தேதியின் மதிப்பு, எந்த நாணயத்தில், எத்தனை தவணை, தகராறு வந்தால் நடுவர் யார் என்ற நான்கும் அரசிதழில் அறிவிப்பு வரும் முன்பே முடிவாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மக்களையே நாடற்றவர்களாக்கியது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளியது. உள்நாட்டு வாக்குக் கணக்காகத் தொடங்கியது டெல்லியுடன் நீண்ட பூசலாக வளர்ந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு அந்தப் பேச்சில் இடமே தரப்படவில்லை. மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தர 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.